பிடிக்கத் தெரியாத குட்டி

மேற்கு மலையில் ஒரு சோலைக்காடு இருந்தது. அதில் இருபது சோலைமந்திகள் கூட்டமாக வாழ்ந்தன. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் கட்டியது போன்ற வால். தரையில் அவற்றுக்கு அதிக வேலை இல்லை. மரத்திலேயே பிறந்தன, மரத்திலேயே தின்றன, மரத்திலேயே தூங்கின.

காட்டின் ஓரத்தில் ஓடு போட்ட ஒரு சிறிய வீடு. அங்கே ஸ்டெல்லா, கதிரவன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கியிருந்தார்கள். தினமும் காலையில் மந்திகளின் மரத்தடிக்கு வருவார்கள். கீழே கிடக்கும் மந்திக் கழிவைக் குச்சியால் எடுத்துக் குப்பியில் போட்டு மூடுவார்கள். குப்பியின் மேல் தேதியை எழுதுவார்கள்.

மந்திகளுக்கு இது பெரிய வேடிக்கை.

"நாம் வேண்டாம் என்று தள்ளியதைப் பொக்கிஷம் மாதிரி எடுத்துப் போகிறார்களே!" என்றான் கூட்டத்தின் தலைவன் பிடரியன். "இவர்களுக்குத்தான் பெரிய மூளையாம்!"

"நாளைக்குக் கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள். பாவம், இரண்டு பேர் இருக்கிறார்கள்!" என்றாள் குஞ்சவாலி. கூட்டம் கிளை குலுங்கச் சிரித்தது.

குஞ்சவாலியின் தங்கை கருவிழி மட்டும் சிரிக்கவில்லை.

கருவிழிக்கு மனிதர்களைப் பார்த்துச் சிரிப்பு வராது. போன மழைக்காலத்தில் அவளுடைய மூத்த குட்டி, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மின்கம்பியைக் கொடி என்று நினைத்துப் பிடித்தது. பிடித்த கை விடவில்லை. கருகிக் கீழே விழுந்த உடலைத்தான் அவள் எடுத்தாள்.

"அந்தக் கம்பியைக் கட்டியது மனிதர்கள். அதைத் தொட்டால் சாவு என்று அவர்களுடைய பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. நம் குட்டிகளுக்குத் தெரியவில்லை. நமக்கு அந்த மூளை இல்லை, அக்கா" என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

மாசி மாதத்தில் அவளுக்கு மறுபடி ஒரு குட்டி பிறந்தது. பொடியன் என்று பெயர் வைத்தாள். அதே வாரத்தில் குஞ்சவாலிக்கும் ஒரு குட்டி. அவன் பெயர் துள்ளன்.

பொடியன் பிறந்த மூன்றாம் நாள் கருவிழி ஒரு முடிவு செய்தாள். 'இவனை இழக்க மாட்டேன். எப்படியாவது இவனுக்கு மனித மூளை கிடைக்கவேண்டும்.'

அதற்கு வழி கேட்க அவள் கௌளியிடம் போனாள்.

கௌளி என்பது அந்த ஓட்டு வீட்டின் சுவரில், நாள்காட்டிக்குப் பின்னால் குடியிருந்த பல்லி. அந்தக் காட்டில் எந்த வேலையைத் தொடங்கினாலும் கௌளியிடம் கேட்பது வழக்கம். அது உச்சுக் கொட்டினால் சரி. கொட்டாவிட்டால் வேலையைத் தள்ளிப்போட வேண்டும். கௌளி சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாரும் நம்பினார்கள். கௌளியும் நம்பியது.

பலாமரக் கிளை ஒன்று அந்த வீட்டு ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கருவிழி அதில் வந்து உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"கௌளியாரே! நீங்கள் மனிதர்களோடேயே இருக்கிறீர்கள். அவர்கள் பேசுவதெல்லாம் உங்கள் காதில் விழும். அவர்களுக்கு மட்டும் எப்படி அந்த மூளை வந்தது? கேட்டுச் சொல்லுங்கள்!"

"இது என்ன பெரிய விஷயம்! சாயங்காலம் வா!" என்றது கௌளி.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஸ்டெல்லா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உத்தரத்தில் கட்டிய தூளியில் அவளுடைய ஐந்து மாதக் குழந்தை எஸ்தர் கிடந்தாள். கதிரவன் தேநீரோடு வந்தான்.

"அக்கா, நம்ம உயிரணுவுல எழுதியிருக்கிறதையும் மந்தியோட உயிரணுவுல எழுதியிருக்கிறதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, நூறு எழுத்துக்குத் தொண்ணூத்துமூணு அப்படியே ஒத்துப்போகுது. அப்புறம் மூளை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

"அளவு ஒண்ணு. இன்னொண்ணு நேரம்" என்றாள் ஸ்டெல்லா. "மந்திக்குட்டியோட மூளை சீக்கிரம் முத்திடும். பிறந்த நாளே தாயைப் பிடிச்சுக்கும், ரெண்டு மாசத்துல கிளையில நடக்கும். இவளைப் பாரு! அஞ்சு மாசம் ஆச்சு, இப்பத்தான் கழுத்து நிக்குது. ஒண்ணையும் உறுதியாப் பிடிக்கத் தெரியாது. எல்லாத்துக்கும் நான்தான் தூக்கணும். மெதுவா, வருஷக்கணக்கா முத்துற மூளை இது. அதனால நிறையக் கத்துக்குது. ஆனா..."

அந்த நேரம் பார்த்து விளக்கின் பக்கம் ஒரு விட்டில் வந்தது. கொழுத்த விட்டில். கௌளி அதன் பின்னால் ஓடியது. 'ஆனா'வுக்குப் பிறகு ஸ்டெல்லா வெகுநேரம் பேசினாள். அதில் ஒரு சொல்லும் கௌளியின் காதில் ஏறவில்லை.

வயிறு நிறைந்த பிறகு அது ஓட்டின் விளிம்புக்கு வந்தது.

"கருவிழி, கண்டுபிடித்துவிட்டேன்! ரகசியம் தூளியில் இருக்கிறது!"

"தூளியிலா?"

"ஆமாம்! மனிதர்கள் குழந்தையை இறக்கி விடுவதில்லை. எதையும் பிடிக்க விடுவதில்லை. எங்கே போனாலும் கையால் தூக்கிக்கொண்டே போகிறார்கள். அதனால் மூளை அவசரப்பட்டு முற்றுவதில்லை. வளர்ந்துகொண்டே இருக்கிறது! உங்கள் குட்டி பிறந்த அன்றே பிடித்துக்கொள்கிறது. அங்கேயே எல்லாம் முடிந்துபோகிறது!"

"அப்படியானால் என் குட்டியையும் அதே மாதிரி வளர்த்தால்?"

கௌளி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. உச்சுக் கொட்டியது. ஒரு முறை இல்லை, மூன்று முறை.

கருவிழி கிளை கிளையாகத் தாவிக் காட்டுக்குள் ஓடினாள்.

மந்தி இனத்தில் தாய் குட்டியைப் பிடிப்பதில்லை. குட்டிதான் தாயைப் பிடிக்கும். தாய்க்கு நான்கு கைகாலும் கிளைக்கு வேண்டும். குட்டி அவள் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். தாய் எவ்வளவு தூரம் தாவினாலும் அந்தப் பிடி விடாது. அதனால்தான் விடாத பிடியைக் குரங்குப்பிடி என்கிறோம்.

அன்று பொடியனின் பத்துக் குட்டி விரல்களும் கருவிழியின் வயிற்று மயிரை இறுகப் பற்றியிருந்தன. கருவிழி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். விரல்கள் மறுபடி மூடின. மறுபடி பிரித்தாள். பொடியன் அழுதான். அவனை இடக்கையால் அணைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒன்றையும் பிடிக்கவேண்டாம், கண்ணே. பிடித்ததால்தான் உன் அண்ணன் போனான். நான் உன்னைப் பிடித்துக்கொள்கிறேன்."

ஒரு வாரம் அவள் பிரித்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு விரல்கள் மயிரைத் தேடுவதை விட்டுவிட்டன.

ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறுவது லேசான காரியமில்லை. கருவிழி மூன்று கைகாலில் நொண்டி நொண்டி ஏறினாள். கூட்டம் முன்னால் போய்விடும். நல்ல பழங்கள் தீர்ந்த பிறகுதான் அவள் வந்து சேருவாள். உடம்பு இளைத்தது.

"வழி விடுங்கள், வழி விடுங்கள்! மனுஷி வருகிறாள்!" என்று இளம் மந்திகள் கத்தின.

"ஏன் சித்தி, உன் மனுஷப் பிள்ளைக்கு வால் மட்டும் எப்படி முளைத்தது?" என்று ஒருத்தி கேட்டாள்.

குஞ்சவாலிக்குப் பொறுக்கவில்லை. "என்னடி கூத்து இது? குட்டியின் கையைப் பிரித்துவிடும் தாயை நான் பார்த்ததே இல்லை!"

"உனக்குப் புரியாது, அக்கா. இவன் மூளை வளர்கிறது."

"உன் இடுப்பு ஒடிகிறது. அதுதான் எனக்குத் தெரிகிறது!"

"பார், பார்! அந்த இலையையே எவ்வளவு நேரமாகப் பார்க்கிறான்! யோசிக்கிறான், அக்கா!"

குஞ்சவாலி குனிந்து பொடியனின் முகத்தைப் பார்த்தாள். "அவனுக்குப் பசிக்கிறது. பால் கொடு!" என்றாள்.

சித்திரை போனது, வைகாசி வந்தது. துள்ளன் கிளை கிளையாக ஓடினான். தவறி விழுந்தான், நடுவில் ஒரு கொடியைப் பிடித்தான், மேலே ஏறி வந்து மறுபடி விழுந்தான். பிடரியனின் வாலை இழுத்துவிட்டு ஓடினான். பொடியன் மரக் கவட்டில், இலைகளின் மேல், மல்லாந்து கிடந்தான். வானம் தெரிந்தது. துள்ளன் தெரிந்தான். தானும் போகவேண்டும் என்று கையை நீட்டுவான். கருவிழி அந்தக் கையை மெல்ல மடக்கி உள்ளே வைப்பாள்.

அந்த வைகாசியில் ஒரு நாள் நல்ல மழை. ஆராய்ச்சியாளர்கள் வெளியே போகவில்லை. கதிரவன் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவிடம் சந்தேகம் கேட்டான். விளக்கு எரியவில்லை, விட்டில் எதுவும் வரவில்லை. கௌளிக்கும் வேறு வேலை இல்லை. இந்தத் தடவை அது முழுவதையும் கேட்டது.

"அக்கா, ஒரு குரங்குக்குட்டியைப் பிறந்ததுலேர்ந்து நம்ம பிள்ளை மாதிரியே தூளியில போட்டு வளர்த்தா, அதோட மூளையும் மெதுவா முத்துமா?"

ஸ்டெல்லா சிரித்தாள். "முத்தாது. நம்ம பிள்ளையைத் தூளியில போடுறதால அதோட மூளை மெதுவா வளரலை. மூளை மெதுவா வளருறதாலதான் நாம தூளியில போடுறோம்! அந்த நிதானம் விதையிலேயே எழுதியிருக்கு. மூளையைக் கட்டுற மரபணு ஒண்ணு நம்ம முன்னோர்கள்கிட்ட நகலாகி, ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. புதுசா வந்த நகல் பழசோட வேலையைத் தடுத்து மெதுவாக்குது. வேற சிலதுல எழுத்து அவ்வளவா மாறலை. எப்ப விழிக்கணும், எப்ப ஓயணும்ங்கிற நேரம் மட்டும் மாறியிருக்கு. இதெல்லாம் நடக்க லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு."

"அப்ப அந்தக் குரங்குக்குட்டி?"

"அதோட மூளை அதுக்குன்னு எழுதின வேகத்துலதான் முத்தும். கத்துக்கவேண்டிய மாசங்கள்ல அது எதையும் கத்துக்காம முத்திடும். அவ்வளவுதான்."

கௌளிக்கு வால் சில்லிட்டது.

உடனே போய்ச் சொல்லவேண்டும் என்றுதான் அது நினைத்தது. ஓட்டின் விளிம்புவரைக்கும் வந்தது. எதிரே பலாக்கிளையில் கருவிழி பொடியனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று சொல்லவேண்டும். கௌளி தப்பாகச் சொன்னது என்ற பேச்சு பலாமரத்தில் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரை வரைக்கும் போகும். அதன் பிறகு அதனிடம் யார் வந்து கேட்பார்கள்?

"என்ன கௌளியாரே, ஏதாவது செய்தியா?" என்றாள் கருவிழி.

"ஒன்றுமில்லை. மழை எப்படி என்று பார்க்க வந்தேன்" என்றது கௌளி.

அன்று பொடியனுக்கு மூன்று மாதம்.

ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின. ஐப்பசி பிறந்தபோது இந்தப் பக்கத்துக் காட்டில் பழம் தீர்ந்துவிட்டது. வெடிப்பலா மரங்களின் அடியில் வெறும் தோல்தான் கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பழம் பழுத்துக் கிடப்பதாக மலை அணில் சொன்னது.

பிடரியன் கூட்டத்தைக் கூட்டினான்.

"நாளை மறுநாள் ஆற்றைத் தாண்டுகிறோம். பெருமழைக்கு முன்னால் போய்விட வேண்டும். நனைந்த கிளை வழுக்கும்."

ஆற்றைத் தாண்ட ஒரே ஒரு இடம்தான் உண்டு. இரு கரையிலும் ஒவ்வொரு பெரிய மரம் ஆற்றின் மேல் சாய்ந்து நின்றது. இரண்டின் கிளைகளுக்கும் நடுவே அகன்ற வெளி. கீழே பாறையும் வெள்ளமும். ஓடிவந்து, நான்கு கைகாலையும் விரித்துத் தாவவேண்டும். ஒரு வயது ஆகாத குட்டிகள் தாயின் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். காலங்காலமாக இப்படித்தான் தாண்டினார்கள். ஒரு குட்டிகூட விழுந்ததில்லை.

"கருவிழி!" என்று கூப்பிட்டான் பிடரியன். "ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு அங்கே தாவ முடியாது. தெரியுமில்லையா?"

"தெரியும், தலைவரே."

"உன் குட்டி பிடிப்பானா?"

கருவிழி பொடியனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நேராகப் பலாமரத்துக்குப் போனாள்.

வராந்தாவில் எஸ்தர் இருந்தாள். தூளி காலியாகத் தொங்கியது. எஸ்தருக்கு இப்போது பதின்மூன்று மாதம். நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பொத்தென்று விழுந்தாள். மறுபடி பிடித்தாள், மறுபடி எழுந்தாள். ஸ்டெல்லா எட்ட இருந்து கைதட்டினாள். பிடித்துத் தூக்க ஓடிவரவில்லை.

கருவிழி ஓட்டின் விளிம்புவரை வந்து குனிந்தாள்.

"கௌளியாரே! கௌளியாரே! அந்தக் குழந்தை பிடிக்கிறாளே! எழுந்து நிற்கிறாளே! விழுந்தாலும் தூக்காமல் விடுகிறார்களே! நீங்கள் சொன்னது இது இல்லையே! என் பொடியன் எப்போது பிடிப்பான்?"

கௌளி நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

"கௌளியாரே, நாளை மறுநாள் ஆறு தாண்டவேண்டும். அவன் உயிர் அதில் இருக்கிறது. ஒளியாதீர்கள்!"

கௌளி மெல்லத் தலையை நீட்டியது. "கருவிழி, அது தூளியில் இல்லை. விதையில் இருக்கிறது. மனிதர்களுடைய விதையிலேயே மெதுவாக வளரும்படி எழுதியிருக்கிறது. உன் குட்டியின் விதையில் அது இல்லை. அவனை எப்படித் தூக்கி வளர்த்தாலும் மனித மூளை வராது. பிடிக்கக் கற்கவேண்டிய மாதங்கள்தான் வீணாகப் போயின."

கருவிழி பொடியனின் விரிந்த விரல்களைப் பார்த்தாள்.

"இதை எப்போது கேட்டீர்கள்?"

"வைகாசியில்."

"வைகாசியில் அவனுக்கு மூன்று மாதம்" என்றாள் கருவிழி. "அப்போதே சொல்லியிருந்தால் அவன் கற்றிருப்பானே. துள்ளனோடு ஓடியிருப்பானே. ஏன் சொல்லவில்லை?"

"கௌளி சொன்னது தப்பாகிவிட்டது என்று காடு முழுக்கச் சிரிக்குமே என்று..."

"என்னைப் பார்த்து எட்டு மாதமாகச் சிரிக்கிறார்கள்" என்றாள் கருவிழி. "நான் அவனை விட்டுவிட்டேனா?"

அவள் பொடியனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சிறிது நேரத்தில் மலை அணில் வந்து, "கௌளியாரே, புதுக் கூடு கட்டட்டுமா?" என்று கேட்டது. கௌளி வாயைத் திறக்கவில்லை. "சரி, வேறு நாள் பார்த்துக்கொள்கிறேன்!" என்று அணில் மரியாதையாகத் திரும்பிப் போனது.

அன்றும் மறுநாளும் கருவிழி பொடியனுக்குப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவன் விரல்களை எடுத்துத் தன் மயிரில் வைத்து மூடினாள். அவள் கையை எடுத்ததும் விரல்கள் விரிந்துகொண்டன. குச்சியைக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். தாழ்வான கிளையில் தொங்கவிட்டாள். ஒரு மூச்சு இழுக்கும் நேரம் தொங்கினான். பிறகு கை நழுவி அவள் மடியில் விழுந்தான். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது. இன்னொரு தடவை விழவேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினான்.

"இப்படி இல்லை, பொடியா! என்னைப் பார்!" என்று துள்ளன் தலைகீழாகத் தொங்கிக் காட்டினான். "இறுக்கிப் பிடி! இன்னும் இறுக்கி!"

"எப்படி இறுக்குவது?" என்று கேட்டான் பொடியன்.

துள்ளனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் யாரிடமும் கேட்டுக் கற்றதில்லை.

குஞ்சவாலி பிடரியனிடம் போனாள். "இன்னும் நான்கு நாள் பொறுங்கள், தலைவரே. என் தங்கைக்காகக் கேட்கிறேன்."

பிடரியன் கல்நெஞ்சக்காரன் இல்லை. இரண்டு நாள் பொறுத்தான். அந்த இரண்டு நாளும் கூட்டம் பட்டையையும் காய்ந்த இலையையும் மென்றது. பால் வற்றிய தாய்களின் மடியில் குட்டிகள் அழுதன. மூன்றாம் நாள் காலையில் கிழக்கே மேகம் திரண்டது.

"இனி நிற்க முடியாது" என்றான் அவன். "கருவிழி, நீ இங்கேயே இருந்தால் இரண்டு பேரும் பட்டினியால் சாவீர்கள். வந்தால் அவன் பிடிக்கவேண்டும். நான் என்ன சொல்ல, தாயே? நீதான் சொல்லவேண்டும்."

"வருகிறேன்" என்றாள் கருவிழி.

ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். முதலில் பிடரியன், பிறகு இளம் மந்திகள், பிறகு குட்டி வைத்திருக்கும் தாய்கள். குஞ்சவாலி தாவியபோது துள்ளன் அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டே, "ஊய்!" என்று கத்தினான்.

இந்தக் கரையில் கருவிழி மட்டும் இருந்தாள். தூறல் தொடங்கிவிட்டது.

அவள் பொடியனை இடுப்பிலிருந்து எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துவைத்தாள்.

"கண்ணே, பிடித்துக்கொள்."

"நீதானே அம்மா என்னைப் பிடிப்பாய்?"

"எப்போதும் நான்தான் பிடிப்பேன். இந்த ஒரு தடவை மட்டும் நீ பிடி."

பொடியன் இரண்டு கையையும் அவள் மயிருக்குள் நுழைத்தான். விரல்களை மூடினான். "பிடித்துவிட்டேன்!" என்றான். முதல் தடவையாகத் தானே ஒன்றைச் செய்த மகிழ்ச்சி அவன் குரலில் இருந்தது.

கருவிழி மெல்லத் தன் இடக்கையை எடுத்தாள். அவன் விழவில்லை. ஓரடி நடந்தாள். விழவில்லை. அக்கரையில் குஞ்சவாலி, "வா! வா! வந்துவிடு!" என்று கூவினாள்.

கருவிழி ஓடினாள். கிளையின் நுனி வளைந்து எழும்பும் நேரம் பார்த்துத் தாவினாள். நான்கு கைகாலும் வெளியில் விரிந்தன. காற்று அறைந்தது. அக்கரைக் கிளை நெருங்கி வந்தது. இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தாள்.

வயிறு லேசாக இருந்தது.

குஞ்சவாலி கிளை நுனிக்கு ஓடிவந்து கீழே பார்த்தாள். கருவிழி பிடித்த கிளையிலேயே சிறிது நேரம் தொங்கினாள். பிறகு மரத்தின் அடிவரை இறங்கினாள். மந்திகள் அதிகம் இறங்காத தரையில் இறங்கி, ஆற்றோரப் பாறைக்குப் போனாள். பொடியன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கையிலும் விரல்களுக்கு நடுவே அவளுடைய கரிய மயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவனால் முடிந்த அளவு பிடித்திருக்கிறான்.

அவள் அவனை எடுத்து இடக்கையால் அணைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூட்டம் போன பக்கம் நொண்டி நொண்டி ஏறினாள்.

தூறல் ஓய்ந்த பிறகு கதிரவன் இந்தக் கரைக்கு வந்து தொலைநோக்கியில் பார்த்தான்.

"அக்கா, கூட்டம் முழுசும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அந்தத் தாயும் போயிடுச்சு. எப்பவும் போலக் குட்டியை ஒரு கையில தூக்கிட்டுப் போகுது."

"நல்லது" என்றாள் ஸ்டெல்லா. நோட்டில், 'தாய், குட்டி: நலம்' என்று எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாளும் கருவிழி அவனைக் கீழே வைக்கவில்லை. அத்திப்பழம் கை எட்டும் தூரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அவள் பறிக்கவில்லை. குஞ்சவாலி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பொடியனின் முகத்தில் மொய்த்த ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று கேலி பேச யாருக்கும் வாய் வரவில்லை.

காரணத்தை அறியாமல் பிறருடைய கோலத்தை மட்டும் பின்பற்றினால், நாம் விரும்பியது வந்து சேராது, நம்மிடம் இருந்ததும் கைநழுவிப் போய்விடும்.